விளம்பர முகமையில் உள்ளகப் பயிற்சி

விளம்பர முகமையில் உள்ளகப் பயிற்சி என்பது, கல்லூரியில் படிக்கும் அல்லது அண்மையில் படிப்பை முடித்த ஒருவர், விளம்பரம், வடிவமைப்பு, காணொளி, சமூக ஊடகப் பதிவுகள் முதலியவற்றை வாடிக்கையாளர்களுக்காகச் செய்து தரும் நிறுவனத்தில் குறிப்பிட்ட காலம் தங்கி வேலை கற்பதாகும். பேச்சு வழக்கில் இதனை ‘ஏஜென்சியில் இன்டர்ன்ஷிப்’ என்பர். கற்பவர் பயிலுநர் அல்லது இன்டர்ன் எனப்படுகிறார். காட்சித் தொடர்பியல் (விஸ்காம்), இதழியல், நுண்கலை, வணிக மேலாண்மை, தமிழ் இலக்கியம், கணினிப் பயன்பாடு ஆகியவற்றைப் படிப்போர் இப்பயிற்சியை நாடுகின்றனர். பொதுவாக ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை இது நீடிக்கும்.

சான்றிதழ் கிடைத்துவிட்டால் அனுபவம் கிடைத்துவிட்டதாகாது. இரண்டு மாதம் முகமைக்குச் சென்று வந்த பின்னும் தாமாக ஒரு துண்டறிக்கையை முடிக்கத் தெரியாதவர் உண்டு. நான்கே வாரத்தில் தொழிலின் போக்கைப் புரிந்துகொண்டவரும் உண்டு. இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்பதையும், தாம்பரம் வட்டார மாணவர்கள் இதனை எவ்வாறு அணுகலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னையில் இத்தொழிலைக் கற்ற வழிகள்

சென்னையில் வணிக ஓவியமும் விளம்பரமும் வகுப்பறை, தொழிற்கூடம் ஆகிய இரு வழிகளிலும் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளி, இன்று பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரியாக இயங்குகிறது. மறுபுறம், திரைப்பட விளம்பரப் பதாகைகளையும் கடைப் பெயர்ப்பலகைகளையும் தீட்டிய ஓவியர்கள் பெரும்பாலும் கல்லூரி செல்லாதவர்கள். மூத்த ஓவியரிடம் சேர்ந்து, தூரிகை கழுவி, கட்டம் போட்டு, பின்னணி வண்ணம் பூசி, நீண்ட காலத்துக்குப் பிறகே முகம் வரையும் நிலைக்கு வந்தனர். குருவிடம் இருந்து கற்கும் இம்முறையே இன்றைய உள்ளகப் பயிற்சிக்கு முன்னோடி.

விளம்பர முகமைத் துறையில் சென்னையின் முக்கியமான பெயர் ஆர். கே. சுவாமி. ஜே. வால்டர் தாம்சன் என்னும் பன்னாட்டு முகமையில் பணியாற்றிய அவர், 1973-இல் சென்னையில் தம் பெயரிலேயே முகமை தொடங்கினார். விளம்பரப் படத்துறையில் ஒளிப்பதிவாளர்கள் பி. சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் ஆகியோரின் பணி குறிப்பிடத்தக்கது. ஏ. ஆர். ரகுமான் ‘ரோஜா’ (1992) படத்துக்கு இசையமைக்கும் முன் பல விளம்பரங்களுக்குச் சிற்றிசை அமைத்தவர். இயக்குநர் கௌதம் வாசுதேவ் மேனன் ‘மின்சாரக் கனவு’ (1997) படத்தில் ராஜீவ் மேனனிடம் உதவியாளராக இருந்தார். தாமாகப் பெரிய பணி செய்யும் முன், பிறர் தந்த சிறு பணிகளைக் குறித்த நேரத்தில் முடித்துப் பழகிய காலம் இவர்களுக்கு உண்டு.

தாம்பரம் வட்டாரமும் வாய்ப்புகளும்

தாம்பரம் மாநகராட்சி, தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் உருவாக்கப்பட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரின் நடுவிலிருந்து கிழக்குத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் பின் சேலையூர், கௌரிவாக்கம், பல்லாவரம், வண்டலூர், காட்டாங்குளத்தூர் எனப் பல இடங்களில் கல்லூரிகள் பெருகின. ஆகவே மாணவர் எண்ணிக்கைக்கு இங்கே குறைவில்லை.

பெரிய விளம்பர முகமைகளோ பெரும்பாலும் நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் பகுதிகளிலேயே உள்ளன. 1931-இல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் இரயில் பாதைதான் இவ்விரண்டையும் இணைக்கிறது. கிண்டி, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் ஆகிய நிலையங்களில் இறங்கினால் பல முகமைகளை எளிதில் அடையலாம். மாதாந்திரச் சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு குறையும். மாணவர்க்குச் சலுகையும் உண்டு.

எல்லாப் பயிற்சிக்கும் நகரின் நடுப்பகுதிக்குச் செல்ல வேண்டும் என்பதில்லை. குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி போன்ற பகுதிகளில் நான்கைந்து பேர் கொண்ட சிறு வடிவமைப்பு நிலையங்கள் இயங்குகின்றன. சிறு நிலையத்தில் பயிலுநர் வாடிக்கையாளரை நேரில் காண்பார். ஒரு வேலையைத் தொடக்கம் முதல் இறுதி வரை பார்ப்பார். பெரிய முகமையில் முறையான பிரிவுகளையும் பெரிய வணிகப் பெயர்களையும் காணலாம், ஆனால் முழு வேலையில் ஒரு சிறு பகுதியே கைக்கு வரும். எழுத்துருவும் அச்சும் கற்க விரும்புவோருக்கு டி.டி.பி. மையமும் பிளெக்ஸ் அச்சகமும்கூட நல்ல பள்ளிகளே.

முகமைக்குள் வேலை நகரும் விதம்

பயிற்சிக்குச் செல்லுமுன் ஒரு வேலை எப்படி நகர்கிறது என அறிந்திருப்பது நல்லது. குரோம்பேட்டையில் உள்ள ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கு விளம்பரம் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

1. வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவினர் கடைக்காரரிடம் பேசி, யாருக்கு விற்க வேண்டும், எவ்வளவு செலவிடலாம், என்று வெளிவர வேண்டும் என்பவற்றை எழுதி வாங்குவர். இந்தக் குறிப்புக்குப் ‘பிரீஃப்’ என்று பெயர்.
2. வாசகம் எழுதுபவரும் (காப்பி ரைட்டர்) கலை இயக்குநரும் (ஆர்ட் டைரக்டர்) சேர்ந்து சில கருத்துருக்களை உருவாக்குவர்.
3. படைப்புப் பிரிவின் தலைவர் அவற்றைப் பார்த்துச் சிலவற்றை நீக்குவார், சிலவற்றைத் திருத்தச் சொல்வார்.
4. தேர்ந்தவை வாடிக்கையாளரிடம் காட்டப்படும். அவர் மாற்றங்கள் சொல்வார். இது இரண்டு மூன்று சுற்றுகள் நடக்கும்.
5. ஒப்புதல் கிடைத்ததும் இறுதி வடிவம் தயாராகும். நாளிதழ், பிளெக்ஸ், கைப்பேசித் திரை ஒவ்வொன்றுக்கும் தனி அளவு உண்டு. அச்சுக்குச் செல்வதற்கு நான்கு வண்ண முறையும், ஓரத்தில் வெட்டுக்கென வழக்கமாக 3 மில்லிமீட்டர் கூடுதல் இடமும் வேண்டும்.
6. எழுத்துப்பிழை, விலை, முகவரி, தொலைபேசி எண் ஆகியவை சரிபார்க்கப்பட்டு வெளியீட்டுக்குச் செல்லும்.

பயிலுநருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் படிகளே. அளவு மாற்றுவதும் பிழை பார்ப்பதும் சலிப்பூட்டும் வேலைகள். ஆனால் ஒரு தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அச்சிட்ட பல்லாயிரம் துண்டறிக்கைகளும் குப்பைக்குத்தான் போகும். முதல் நான்கு படிகளையும் அருகிலிருந்து பார்க்க வாய்ப்புக் கேட்பதே அனுபவத்தை முழுமையாக்கும் வழி.

பயனுள்ள அனுபவம் எது?

ஆசிரியர் கல்வியில் இதற்கு நல்ல ஒப்புமை உண்டு. பி.எட். மாணவர் கட்டாயம் பள்ளிக்குச் சென்று கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும். 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி இரண்டாண்டுப் பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளி அனுபவத்துக்கு ஒதுக்கப்படுகின்றன. இக்கட்டுரையாளர் பயிற்சி பெற்ற காலத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் முன் பாடத்திட்டக் குறிப்பு எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் அமர்ந்து பார்ப்பார். வகுப்பு முடிந்ததும் சிவப்பு மையில் குறை நிறைகளை எழுதுவார். மறுநாள் அக்குறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் வகுப்பெடுக்க வேண்டும். அந்தச் சிவப்பு மை அன்று கசந்தது உண்மைதான். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நிற்க உதவியதும் அதுவே.

அதே அளவுகோலை முகமைப் பயிற்சிக்கும் வைக்கலாம். பின்வரும் நான்கும் இருந்தால் அது பயனுள்ள அனுபவம்:

• உண்மையான வேலை: பயிலுநர் செய்தது, சிறிதே ஆயினும், வெளிவரும் ஒரு படைப்பில் இடம்பெற வேண்டும்.
• பெயர் சொல்லத்தக்க வழிகாட்டி: “யாரிடமாவது கேட்டுக்கொள்” என்பது வழிகாட்டல் ஆகாது. ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.
• திருத்தமும் காரணமும்: ‘இது வேண்டாம்’ என்பதோடு ‘ஏன் வேண்டாம்’ என்பதும் சொல்லப்பட வேண்டும்.
• மீண்டும் செய்யும் வாய்ப்பு: திருத்தியதைத் தாமே மறுபடி செய்தால்தான் கை பழகும்.

இவற்றில் ஒன்றும் இல்லாமல் தேநீர் வாங்கி வருவதிலும், கோப்புகளைப் பெயர் மாற்றிச் சேமிப்பதிலும், நாள் முழுதும் படங்களைத் தரவிறக்குவதிலும் இரண்டு மாதம் கழிந்தால் அது பயிற்சியன்று. எல்லோரும் மாறி மாறிச் செய்யும் சிறு வேலைகளை மறுக்க வேண்டியதில்லை. அவை மட்டுமே வேலையாகிவிடக் கூடாது.

தமிழ் அறிவு ஒரு தகுதி

ஆங்கிலம் சரளமாக வராததால் விண்ணப்பிக்கவே தயங்கும் மாணவர் பலர். ஆனால் சென்னை முகமைகளில் பிழையின்றித் தமிழ் எழுதத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது. ல, ள, ழ வேறுபாடும், ர, ற வேறுபாடும், ‘பட்டுப் புடவை’, ‘ஆடித் தள்ளுபடி’ ஆகியவற்றில் வரும் வல்லெழுத்தும் அறிந்தவர் அலுவலகத்தில் விரைவில் தேடப்படுவார்.

இத்துடன் சில தொழில்நுட்பச் செய்திகளும் தெரிந்திருக்க வேண்டும்.

• ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் (எடுத்துக்காட்டாகப் பாமினி) தட்டிய உரையின் எழுத்துருவை மாற்றினால் பொருளற்ற குறிகளாகிவிடும். அதனை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.
• சில வடிவமைப்பு மென்பொருள்களில் இயல்பு அமைப்பிலேயே தமிழை ஒட்டினால் ‘கொ’, ‘கை’ போன்றவற்றின் கொம்புகள் இடம் மாறித் தெரியும். அடோபி மென்பொருள்களில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ அல்லது தெற்காசிய மொழிகளுக்கான உரை அமைப்பைத் தேர்ந்தால் இது சரியாகும்.
• தமிழ் வாசகம் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் ‘சேல்’, தமிழில் ‘தள்ளுபடி விற்பனை’ ஆகிறது. ஆங்கில வடிவத்தில் தமிழைத் திணிக்காமல், தமிழுக்கென்றே இடம் ஒதுக்க வேண்டும்.
• தமிழ்99 விசைப்பலகை 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டது. அதில் பழகியவர் விரைவாகத் தட்டலாம்.

மொழிபெயர்ப்பிலும் கவனம் தேவை. ஆங்கில வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் படிப்பவருக்கு அது அந்நியமாக ஒலிக்கும். பல்லாவரம் சந்தையில் பொருள் வாங்கும் ஒருவர் அதை எப்படிச் சொல்வார் என்று யோசித்து எழுதும் பயிலுநரே நல்ல வாசகராக வளர்வார்.

சேர்வதற்கு முன்

படைப்புத் தொகுப்பு (போர்ட்ஃபோலியோ) மதிப்பெண் பட்டியலைவிட முக்கியம். ஐந்து அல்லது ஆறு வேலைகள் போதும். வேலை கிடைக்காத நிலையில் தொகுப்பு எப்படித் தயாரிப்பது என்று மாணவர் கேட்பதுண்டு. தெருமுனை மளிகைக் கடைக்குப் பெயர்ப்பலகை, கல்லூரி விழாவுக்குச் சுவரொட்டி, நூலகத்துக்கு அறிவிப்பு என அருகில் உள்ள தேவைகளுக்குச் செய்து தரலாம். ஒவ்வொன்றின் கீழும் தேவை என்ன, எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என மூன்று வரி எழுத வேண்டும். கூட்டாகச் செய்ததில் தம் பங்கு எது என்பதை மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடி, தீபாவளி, பொங்கல், அட்சய திருதியை ஆகியவற்றுக்கு முந்தைய வாரங்களில் முகமைகளில் வேலை மிகுதி. கல்லூரிக் கோடை விடுமுறை ஆடித் தள்ளுபடித் தயாரிப்புக்குச் சற்று முன்னதாக வருவதால், அப்போது சேர்பவர் ஒரு பெரிய வேலை தொடங்குவதைப் பார்க்கலாம். விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பிப்பது நன்று.

நேர்காணலில் பயிலுநரும் கேள்வி கேட்கலாம். தயங்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியவை:

• எனக்கு வழிகாட்டுபவர் யார்?
• முதல் இரண்டு வாரத்தில் என்ன வேலை தரப்படும்?
• வேலை நேரம் என்ன? இரவு தங்க நேர்ந்தால் வீடு திரும்ப என்ன ஏற்பாடு?
• உதவித்தொகை உண்டா? எந்த நாளில் வழங்கப்படும்?
• என் வேலைகளைத் தொகுப்பில் காட்டலாமா?

விடைகளை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சிக்குச் சேர முன்பணமோ ‘பதிவுக் கட்டணமோ’ கேட்பவரிடமிருந்து விலகுவதே பாதுகாப்பு. வேலை கற்க வரும் மாணவரிடம் பணம் வாங்குவது பயிற்சி வகுப்பு விற்பனையே தவிர உள்ளகப் பயிற்சி ஆகாது.

பயிற்சிக் காலத்தில்

ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்வது மிகவும் பயன் தரும். அன்று செய்த வேலை, கிடைத்த திருத்தம், அதன் காரணம், புதிதாகக் கற்ற சொல் அல்லது கருவி ஆகிய நான்கையும் இரவு பத்து நிமிடத்தில் எழுதலாம். வீடு திரும்பும் மின்சார இரயிலில் இடம் கிடைத்தால் அங்கேயே எழுதிவிடலாம். இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 50 பதிவுகள் சேரும். கல்லூரிக்குத் தர வேண்டிய அறிக்கைக்கும் அடுத்த நேர்காணலுக்கும் இதுவே மூலம்.

வாரம் ஒருமுறை வழிகாட்டியிடம் பத்து நிமிடம் கேட்டுப் பெற வேண்டும். “என் வேலை எப்படி இருக்கிறது?” என்று பொதுவாகக் கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்ற விடையே வரும். “இந்தத் துண்டறிக்கையில் ஒன்றை மாற்றச் சொன்னால் எதை மாற்றுவீர்கள்?” என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும்.

முகமைகளில் மூத்தவரையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் உண்டு. பள்ளி, கல்லூரியில் ‘சார்’, ‘மேடம்’ என்றே பழகியவருக்கு இது சங்கடமாக இருக்கலாம். சில நாள் கவனித்து, அவ்விடத்து வழக்கப்படி நடந்தால் போதும். பெயர் சொல்லி அழைப்பதால் மரியாதை குறைவதில்லை.

சட்டமும் உரிமையும்

தொழிற்பழகுநர் சட்டம், 1961: இச்சட்டத்தின் கீழ் வரும் தொழிற்பழகுநர் (அப்ரன்டிஸ்) வேறு, கல்லூரி வழியாகச் செல்லும் இன்டர்ன் வேறு. தொழிற்பழகுநருக்குப் பதிவு செய்த ஒப்பந்தமும் கட்டாய உதவித்தொகையும் உண்டு. 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் இதில் சேரலாம். 2019-ஆம் ஆண்டு விதிகளில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் சேர்க்கலாம். தென் மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் அலுவலகம் தரமணியில் உள்ளது. தாம்பரம் மாணவர் நேரில் சென்று விவரம் அறியலாம்.

பதிப்புரிமைச் சட்டம், 1957: பணி ஒப்பந்தத்தின் கீழோ தொழிற்பழகுநராகவோ இருந்து பணியின் போக்கில் ஒருவர் உருவாக்கிய படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை தந்தவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. ஆகவே பயிற்சியில் செய்ததைத் தம் தொகுப்பில் காட்ட எழுத்துவழி அனுமதி பெறுவது நல்லது. வெளிவராத வேலைகளை நண்பர்களுடன் பகிர்வது வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் குலைக்கும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013: ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் பெண் பயிலுநர்கள் இச்சட்டத்தின் பாதுகாப்பில் வருவர். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறிய நிலையமாயின் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

ஊதியமில்லாப் பயிற்சி

பல படைப்பு முகமைகள் பயிலுநருக்கு எதுவும் தருவதில்லை, அல்லது பயணப்படி மட்டும் தருகின்றன. கற்றுத் தருவதே கூலி என்பது அவர்கள் தரப்பு வாதம். மூத்தவர் ஒருவரின் நேரம் பயிலுநருக்காகச் செலவாகிறது என்பதும் உண்மையே.

மாணவரின் வீட்டுக் கணக்கு வேறு. பயணத்துக்கும் உணவுக்கும் நாளொன்றுக்கு 120 ரூபாய் என வைத்துக்கொண்டால் மாதம் 25 நாளுக்கு 3,000 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 6,000 ரூபாய் ஆகும். மாலையில் கடையில் பகுதிநேர வேலை செய்தவர் அந்த வருமானத்தையும் இழப்பார். இந்தச் செலவைத் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஊதியமில்லாப் பயிற்சிக்குச் செல்ல முடியும் என்றால், விளம்பரத் துறைக்குள் நுழைபவர் யார் என்பதை வருமானமே முடிவு செய்துவிடும். பெருங்களத்தூர் மளிகைக் கடையையும் பம்மல் தோல் தொழிலாளியையும் அறிந்த ஒருவர் அத்துறையில் இல்லாமல் போவது அத்துறைக்கும் இழப்பு.

பிற நாடுகளிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. அமெரிக்காவில் ‘பிளாக் ஸ்வான்’ திரைப்படத்தில் ஊதியமின்றிப் பணியாற்றிய பயிலுநர்கள் தொடுத்த வழக்கில், அவர்களுக்கு ஊதியம் தந்திருக்க வேண்டும் என 2013-இல் நியூயார்க் நீதிமன்றம் கூறியது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, பயிற்சியால் முதன்மையாகப் பயன்பெறுபவர் பயிலுநரா, நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என்றது. பிரான்சில் இரண்டு மாதத்தைத் தாண்டும் பயிற்சிக்குப் படித்தொகை கட்டாயம்.

அமெரிக்க நீதிமன்றத்தின் கேள்வியை நம் மாணவரும் தமக்குத் தாமே கேட்டுப் பார்க்கலாம். நான்கு வாரம் முடிந்ததும் நாட்குறிப்பைப் புரட்டி, கற்றவை அதிகமா, வெறுமனே செய்து கொடுத்தவை அதிகமா என எண்ணலாம். இரண்டாவது அதிகமெனில் வழிகாட்டியிடம் பேச வேண்டும். பேசியும் மாறாவிட்டால் மரியாதையுடன் விடைபெறலாம். பாதியில் விலகுவது தோல்வி ஆகாது. கல்லூரிப் பேராசிரியரிடமும் பெற்றோரிடமும் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊதியமின்றிச் செல்ல நேர்ந்தால் வாரம் மூன்று நாள் மட்டும் வர முடியுமா, சில நாள் வீட்டிலிருந்து செய்யலாமா என்று கேட்பதும் ஒரு வழி.

பயிற்சி முடியும்போது

கடைசி வாரத்தில் மூன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். முதலாவது சான்றிதழ். அதில் காலமும் செய்த வேலையும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, காட்ட அனுமதி பெற்ற இரண்டு அல்லது மூன்று வேலைகளின் பிரதி. மூன்றாவது, பின்னாளில் நம்மைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடிய ஒருவரின் சம்மதம். சேர்ந்த முதல் நாளில் செய்த வேலையையும் கடைசி நாளில் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தக் காலம் பயன்பட்டதா என்பது எவரும் சொல்லாமலே மாணவருக்கு விளங்கும்.